கழற்ற விடாத பென் டிரைவ்

மிஸ்ராத்தா நகரில் பெண்கள் கூடும் கல்யாண மண்டபத்துக்குள் ஆண் ஈகூட நுழைய முடியாது. வாசலிலேயே எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். உள்ளே முக்காடு இல்லாமல் ஆடிப் பாடும் பெண்களைப் படம் எடுக்க நாஜியாவுக்கு மட்டும்தான் அனுமதி. விருந்து முடிந்ததும் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, மணப்பெண்ணின் தாய் கண்ணெதிரே கேமராவை வெறுமையாக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகு அந்தப் படங்கள் உலகத்தில் அந்த ஒரு பென் டிரைவில்தான் இருக்கும். விவாகரத்தாகி வந்த நாஜியாவுக்கு அந்த நம்பிக்கைதான் பிழைப்பு.

அச்சுப் போட அவள் மிஃப்தாஹின் போட்டோக் கடைக்கு மட்டும்தான் போவாள். தங்கமான மனுஷன். அவள் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அவருடைய கம்ப்யூட்டரில் அவளே படங்களை அச்சுப் போட்டுக்கொள்வாள். வேலை முடிந்ததும் நாஜியா பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கிளம்புவாள். திரையில் அழுத்தி முறைப்படி கழற்று என்று அவரும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டார். யார் கேட்டது? போன கல்யாணத்தில் அப்படிப் பிடுங்கியதில் பாதிப் படங்கள் பாழாகி, மணப்பெண்ணின் தாய் போட்ட கூச்சலில்தான் புத்தி வந்தது.

எனவே, ஹாஜ்ஜா முன்ஜியா மகளின் கல்யாணப் படங்களை அச்சுப் போட்டதும், முதல் தடவையாக முறைப்படி கழற்றப் போனாள். கருவி பயன்பாட்டில் இருக்கிறது என்றது திரை. மறுபடி அழுத்தினாள். அதே பதில்.

“அண்ணே, கழட்ட விட மாட்டேங்குது!”

“படம் ஏதாச்சும் திறந்து கிடக்கும். மூடு தங்கச்சி,” என்றார் மிஃப்தாஹ், திரும்பாமலே.

“எல்லாத்தையும் மூடிட்டேன்.”

“வைரஸ் பார்க்கிற புரோகிராம் ஓடுதா பாரு.”

“இல்லையே. ஆனா டிரைவ்ல லைட்டு விடாம மினுக்குது.”

“பிடுங்கிட்டு ஓடுறதுதானே உன் வழக்கம்? இன்னைக்கு என்ன திடீர் ஞானோதயம்?”

அவர் சிரித்தார். அவள் ஒன்றையும் தொடவில்லை. பிறகு யார் படங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

“சரி, கம்ப்யூட்டரையே அணைச்சுடு. முழுசா அணைஞ்சப்புறம் கழட்டினா ஒண்ணும் ஆகாது.”

அணைத்தாள். திரை பாதியில் நின்றது. ஒரு புரோகிராம் இன்னும் மூடவில்லையாம்.

“அண்ணே, நகல் எடுத்துட்டிருக்குன்னு போட்டிருக்கு.”

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. “என் மெஷின்ல அப்படி எதுவும் கிடையாதே!”

“அப்ப ஜின் பூதமா வந்து எடுக்குது?”

“அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா. குளிர்காலத்துல ரிப்பேருக்குக் குடுத்தேன். அங்க எவனோ வச்சு விட்டிருக்கான்.”

நாஜியாவின் கண் சுவரோரம் ஓடிய இன்டர்நெட் வயருக்குப் போனது. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினால் இருக்கிற படங்களும் போய்விடலாம். விட்டு வைத்தால், அந்தப் பெண்ணின் விரித்த கூந்தல் எவன் கைப்பேசியிலோ போய் உட்காரும். அவளுடைய அண்ணன்மார்கள் கண்ணில் பட்டால் அவளை உயிரோடு விட மாட்டார்கள்.

“மெயின் சுவிட்ச் உங்க பக்கம்தானே? அணைங்க!”

“படம் போயிட்டா?”

“போகட்டும். அணைங்க அண்ணே!”

கடை இருண்டது. அவள் பென் டிரைவை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

மிஃப்தாஹ் உள்ளே வந்தார். திருப்புளியால் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றி, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு அவள் பக்கம் தள்ளினார். “நீயே வச்சுக்க. ஏதோ ஒரு கல்யாணத்தோட கண்டுபிடிச்சோமே. ஹாஜ்ஜாகிட்ட நானும் வந்து மன்னிப்புக் கேக்குறேன்.”

நாஜியா பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மனுஷன் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் குளிர்காலத்திலிருந்து இந்தக் கம்ப்யூட்டரில் அவள் திறந்து பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனை வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லியாக வேண்டும். எங்கே தொடங்குவது?

“ஒரு கல்யாணம் இல்லண்ணே,” என்றாள். “உங்க மக ரீம் கல்யாணப் படத்தையும் நான் இதுலதான் அச்சுப் போட்டேன்.”