சிவா அண்ணன் கடைமேல் ஒட்டிய பச்சைப் புள்ளிகள்

கனடாவில் ரோடு போடுவதற்கு முன் நம்மிடம் கேட்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நானும் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை காலை தோசைக் கரண்டியோடு கதவைத் திறந்தால், எம்மா என்று ஒரு பெண், கழுத்தில் நகராட்சி அட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "உங்கள் தெருவைப் பற்றி உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது?" என்றாள். தெருவைப் பற்றி மனதில் தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? எங்கள் ஊர் மீமிசலில் காலையில் ஜேசிபி வரும், மாலையில் வீட்டு வாசற்படி இருக்காது, மறுநாள் பலகை போட்டு இறங்கிப் போவோம். எங்கள் பக்கத்தில் மக்கள் கருத்து என்பது காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்காருவது. தாசில்தார் வந்து கருத்தைக் கேட்பார், அப்புறம்தான் பஸ் போகும். இங்கே குடமும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், கூட்டத்துக்கு வந்தால் காபியும் பிஸ்கட்டும் உண்டு என்றாள் எம்மா. பிஸ்கட் என்றதும் என் வீட்டுக்காரர் பாண்டியன் உள்ளேயிருந்து, "எத்தன மணிக்குன்னு கேளு" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போடப்போகிறார்கள். வெறும் கோடு இல்லை, காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே சிமெண்ட் கட்டை வைத்து. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. முதியோர் இல்லத்தில் வேலை, சைக்கிளில்தான் போகிறேன், பஸ்கள் என் துப்பட்டாவை உரசிக்கொண்டு போகும். சைக்கிள் எனக்குப் புதிதில்லை. எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் சைக்கிளும் சொல்லிக்கொடுத்து, புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலத்தில் என் அம்மாவும் பழகினார். பிரேக் பிடிப்பது மட்டும் கடைசி வரை வரவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் யார் மேலாவது மோதுவார், பெரும்பாலும் அப்பா மேல். கடற்கரைச் சாலையில் முன்பாரில் நான், கேரியரில் தம்பி, ஹேண்டிலில் மீன்பை. பஸ்தான் ஒதுங்கிப் போகும். அப்படி வளர்ந்த என்னைப் பார்த்து எம்மா கூட்டத்தில், "புதிதாக வந்த பெண்களுக்குச் சைக்கிள் வகுப்பு இருக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கனிவாகக் கேட்டாள். வந்த கோபத்தை பிஸ்கட்டோடு சேர்த்து மென்று விழுங்கினேன்.

நூலகக் கூடத்தில், மேசை நீளத்துக்குத் தெருவின் வரைபடம். ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப் புள்ளி ஸ்டிக்கர். "பாதை போடும்போது எந்த இடம் உங்களுக்கு முக்கியமோ அங்கே ஒட்டுங்கள்" என்றார்கள். வெள்ளைக்காரர்கள் கன்னத்தில் கைவைத்து யோசித்து, பள்ளிக்கூட வாசலில் ஒன்று, திருப்பத்தில் ஒன்று என்று பிரித்துப் பிரித்து ஒட்டினார்கள். நாங்கள் ஆறு தமிழ்க் குடும்பம். பாண்டியன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "ஓட்டுச் செதறக் கூடாது. பூராத்தையும் ஒரே எடத்துல போடுங்க" என்றார். எந்த இடம் என்பதில் விவாதமே இல்லை. சிவா அண்ணன் கடை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கறிவேப்பிலை, நெத்திலிக் கருவாடு, பொன்னி அரிசி எல்லாம் அங்கேதான். எங்களுக்கு வேறு எது முக்கியம்? கடை இருக்கும் இடமே மறையும் அளவுக்கு ஒட்டினோம். கூட்டத்துக்கு வந்திருந்த சிவா அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். எம்மாவுக்கோ முகம் வெளிறிப்போனது. "இங்கே அப்படி என்ன நடக்கிறது?" என்றாள். "எல்லாமே அங்கேதான் நடக்கிறது" என்றார் பாண்டியன் தன் ஆங்கிலத்தில். "பயமாக இருக்குமா?" "வெள்ளிக்கிழமை மாலை மட்டும்." அன்றைக்குத்தான் மீன் வரும். எம்மா வேகவேகமாக எழுதிக்கொண்டாள்.

கோடையில் பாதை வந்தது. தெரு முழுக்க முழங்கால் உயரக் கட்டை. சிவா அண்ணன் கடை வாசலில் மட்டும் இடுப்பு உயரம், மேலே பளபளக்கும் கம்பங்கள் வேறு. காரை நிறுத்தி அரிசி மூட்டை ஏற்றும் இடம் போயே போச்சு. மூட்டை வாங்குகிறவர்கள் கார் நிறுத்த வசதியுள்ள பெரிய கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். "இப்பிடியே போனால் நான் கடையைப் பூட்டவேண்டியதுதான், தங்கச்சி. எல்லாருமாச் சேர்ந்து அன்பாலயே என்னை மூடிப்போட்டியள்" என்றார் சிவா அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கடையில் என்னைத் தவிர ஆள் இல்லை. எனக்கோ அந்தப் பாதையில் போவது சொர்க்கமாக இருந்தது. துப்பட்டாவைக் காற்று மட்டும்தான் தொட்டது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் எம்மாவிடம் போய், நாங்கள் ஒட்டியது ஆபத்தைக் காட்ட இல்லை, பாசத்தைக் காட்ட என்று விளக்கினேன். புரிந்ததும் காபி சிந்தும்படி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, கடை வாசலில் மட்டும் கட்டையை எடுக்கலாம், ஆனால் கார்கள் பாதையின் குறுக்கே வந்து நிற்கும், தரையில் பூசிய பச்சைச் சாயம்தான் மிஞ்சும் என்றாள். "தினமும் அந்த வழியாகப் போகிறவர் நீங்கள். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். பாண்டியன் என் காதருகே, "வேணாம் புள்ள. நீ விழுந்து வச்சா யாரு பாக்குறது? கருவாடு இல்லாம இருந்துக்கிறேன்" என்றார். அந்த மனிதர் கருவாடு இல்லாமல் இருந்துகொள்கிறேன் என்று சொன்னதில் என் மேல் உள்ள பிரியம் முழுதும் தெரிந்தது. இருந்தாலும் சம்மதம் என்றேன்.

கடை பிழைத்தது. இப்போது அதன் வாசலில் மூன்று கார் நீளத்துக்குக் கட்டை கிடையாது. மற்ற தெரு முழுக்கக் கட்டைக்குள் ராணி மாதிரி போகிறேன், யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. அந்த மூன்று கார் நீளத்தில் மட்டும் நம் ஆட்கள் இண்டிகேட்டர் போடாமல் திருப்புகிறார்கள், பார்க்காமல் கதவைத் திறக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை மாலை ஷிஃப்டுக்குப் போகும்போது ஒரு கார் என் முன்சக்கரத்தை உரசிக்கொண்டு நின்றது. காலை ஊன்றி, "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இங்கிட்டு ஆள் வாரது தெரியல?" என்று கத்தினேன். கண்ணாடி இறங்கியது. உள்ளே பாண்டியன். "மீன் வந்திருக்காம்ல" என்றார். எனக்குப் பின்னால் பொறுமையாக நின்ற வெள்ளைக்காரச் சைக்கிள்காரர், "நலமா? உதவி வேண்டுமா?" என்று கேட்டார். நலம்தான் என்றேன். பொய் இல்லை. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நடுரோட்டில் நின்று என் சொந்தக் குரலில் நான் கத்தியது அங்கேதான். கத்தி முடித்ததும் மறுபடி கட்டைக்குள் நுழைந்து, வாயை மூடிக்கொண்டு, வேலைக்குப் போனேன்.