இருபத்துநாலு பொத்தான் தூரம்

நூறாவது 'டக்' கேட்டதும் வலது பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து இடது பையில் போடுகிறார். நடை நிற்பதில்லை. எதிரே வருபவர் வணக்கம் சொன்னால் வாய் திறக்க மாட்டார். கையை மட்டும் உயர்த்துவார். நடுவில் பேசினால் எண்ணிக்கை போய்விடும், எண்ணிக்கை போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது தெரியாமல் வெளியூர்க்காரர் ஒருவர் ஒருமுறை மணி கேட்டுவிட்டார். அவர் வாங்கிக்கொண்ட முறைப்பில் கடிகாரமே நின்றிருக்கும்.

கழுத்தில் அளவுநாடா. கையில், நீளமான கைப்பிடி பொருத்திய ஒற்றைச் சைக்கிள் சக்கரம். அதன் கம்பியில் ஒரு கெட்டி அட்டை செருகியிருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அட்டை கைப்பிடியில் ஒருமுறை தட்டும். இருபத்துநாலு பொத்தான்கள் இடம் மாறி, அதற்கு மேல் பதினைந்து தட்டும் விழுந்தால் ஐந்து கிலோமீட்டர். வயது அறுபத்தொன்று. தொழில் தையல். ஊர் வைத்த பெயர் 'டேப்பு அக்கா'.

ஊரைச் சுற்றி மூன்று ஓட்டப் பாதைகளை அளந்து வைத்திருக்கிறார். வெட்டி மிஞ்சிய துணியைக் கிழித்துக் கிளைகளில் கட்டியிருப்பதுதான் வழிகாட்டி. மஞ்சள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும்: பாலம்வரை போய்த் திரும்புவது. நீலம் ஆற்றோரமாக நாணல்களை ஒட்டிப் போய், படகுத்துறையில் திரும்பி, காட்டின் விளிம்பு வழியாக ரொட்டிக்கடை வாசலில் முடியும் ஐந்து கிலோமீட்டர். சிவப்பு முழுக்கக் காடு. வேரும் பள்ளமும் மேடும் நிறைந்த அந்தப் பாதைக்கு முழங்கால் ஒழுங்காக இருக்க வேண்டும்.

யாருக்கு எந்த நிறம் என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை. கடைப்படி ஏறும்போதே பார்த்துவிடுவார். இடது செருப்பு மட்டும் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா, படியேறியதும் கை சுவரைத் தேடுகிறதா, கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று கண் போய்வரும். "உங்களுக்கு மஞ்சள். ரெண்டு மாசம் போகட்டும், நீலத்தப் பத்திப் பேசலாம்." கால் நகத்தை ஒட்ட வெட்டாமல் ஓட வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவரே ஓடும்போது பார்ப்பவர்களுக்கு, அடுப்பில் பால் பொங்கி வழிவதற்குள் போய்ச் சேர வேண்டியவர் மாதிரி இருக்கும். சின்னச் சின்ன எட்டு, விறைத்த தோள், அசையாத தலை. வேகம் அதிகமில்லை. ஆனால் அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

தையலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த உடுப்பானாலும் உள்ளே ஓரங்குலம் துணி விட்டுத்தான் தைப்பார். "உடம்பு இன்னைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்கும்னு யாரு எழுதிக் குடுத்தா?"

அந்த ஓரங்குலமும் தீர்ந்துபோய் வந்து நின்றவர் ரொட்டிக்கடைக்காரர். ஒரே பேண்ட்டை மூன்றாவது முறையாகப் பிரித்துத் தரச்சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவியோடு வந்தார். நாலு படி ஏறியதற்கே மூச்சு இரைத்தது. டாக்டர் ஏற்கனவே எச்சரித்திருந்தார். அக்கா பேண்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "இனிமே பிரிக்கத் துணி இல்ல தம்பி. உங்களத்தான் பிடிச்சுத் தைக்கணும்."

மஞ்சளில் ஆறு மாதம், நீலத்தில் ஒன்றரை வருடம். பாதி தூரம் நடை, பாதி தூரம் புலம்பல். நடுவில் மழைக்காலம் வந்து, ஆறு கரையைத் தின்றுவிட்டுப் போனது. அக்கா சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய் நீலப் பாதையைப் புதிதாக அளந்து துணி கட்டினார். அந்தப் புதுப் பாதையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடைக்காரர் முப்பது நிமிடத்துக்குள் ஓடி முடித்தார். கடைப் பலகையில் எழுதியிருந்த விலையையெல்லாம் அழித்துவிட்டு, சாக்கட்டியால் பெரிதாக '29 நிமிடம் 40 விநாடி' என்று எழுதினார். ரொட்டி வாங்க வந்தவர்கள் விலை கேட்டால் இந்தக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

அப்போதுதான் அக்காவின் தம்பி மகளும் மருமகனும் விருந்துக்கு வந்தார்கள். மருமகன் நீலத்தில் ஓடிவிட்டு வந்து, தூரம் காட்டும் கைக்கடிகாரத்தை நீட்டினார். "நாலு புள்ளி ஆறுதான் காட்டுது அத்தை."

"காட்டுக்குள்ள போனா அதுக்குக் கண்ணு தெரியாது மாப்ள. எந்திரிச்சுக் கை கழுவுங்க, சாப்பாடு ஆறுது."

சொல்லிவிட்டாரே தவிர மனசு கேட்கவில்லை. மறுநாள் துணி வெட்டும்போது, மேசையில் சாய்த்து வைத்திருந்த சக்கரத்தின்மேல் கண் போனது. எப்போதும் டயரின் மேல்விளிம்பு மேசையின் இரண்டாவது இழுப்பறைக் குமிழை உரசும். இப்போது குமிழுக்குக் கீழே மூன்று விரல் இடைவெளி. அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுற்றுக்கு இருநூற்றேழு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது, நூற்றுத் தொண்ணூற்றொன்றுதான் இருந்தது.

அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "மழைக்கு முன்னாடியே பழசு வளைஞ்சுபோச்சும்மா. கொட்டாய்ல ஒண்ணு சும்மா கெடந்துச்சு, மாட்டி வச்சேன். சக்கரம் சக்கரம்தானே?"

"ஏங்க, சட்ட கூட சட்டதான். பேரன் சட்டைய உங்களுக்குப் போட்டுவிடட்டா?"

"சரி, விடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

நீலப் பாதை முந்நூற்று எண்பத்தாறு மீட்டர் குறைவு. நாற்பது வருடத்தில் அளவு தப்பியதென்று ஒரு துணியும் அவரிடம் திரும்பி வந்ததில்லை. அதுகூடப் பெரிதில்லை. ரொட்டிக்கடைக்காரர் இரண்டு வருடம் மூச்சுவாங்கிச் சம்பாதித்தது பலகையிலுள்ள அந்த ஓர் எண்தான். அதை அழித்தால் ஆள் மறுபடி கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால்? அன்று ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துப் பிரித்தார்.

மத்தியானம் ரொட்டிக்கடைக்குப் போய் நின்றபடியே சொல்லிவிட்டார். "தம்பி, தப்பு என்னோடது. பாத குட்டையாயிருச்சு."

ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து எடுத்த தட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "எவ்ளோக்கா?"

"முந்நூத்தி எண்பத்தாறு மீட்டர்."

"அத ஓட எனக்கு எவ்ளோ நேரமாகும்?"

"ரெண்டரை நிமிஷம்."

அவர் மனைவிதான் பொறுக்கமுடியாமல் சிரித்துவிட்டார். "இந்த மனுசனுக்கு எப்பவுமே ரெண்டு மூணு குறையும்க்கா. பொண்ணு பாக்க வந்தப்போ வயசு இருபத்தெட்டுன்னாங்க. கட்டிக்கிட்டு வந்து பாத்தா முப்பத்தொண்ணு!"

அவரும் சிரித்தார். ஆனால் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தபோது சிரிப்பு இல்லை. அடுத்த ஞாயிறு ஓட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு அக்கா விடியற்காலையிலேயே போய்க் கடைக்கதவைத் தட்டினார். சக்கரத்தைச் சரியான அளவில் மாற்றியாகிவிட்டது. படகுத்துறையைத் தாண்டி வழுக்குப்பாறைவரை போய்த் திரும்பும்படி நீலப் பாதையை நீட்டி, துணியும் கட்டியாகிவிட்டது. கதவு பாதி திறந்தது.

"தம்பி, நீங்க மூணாவது தடவ பிரிக்கக் குடுத்த பேண்ட்டு இன்னும் எங்கிட்டதான் கெடக்கு. குடுத்துரட்டா?"

உள்ளே மனைவி சிரிப்பது கேட்டது. சற்று நேரத்தில் ரொட்டிக்கடைக்காரர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து மாட்டினார். அன்று முப்பத்துநாலு நிமிடம். பலகையில் ரொட்டி விலை மட்டும் இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், ஆட்கள் ஓடக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா சக்கரத்தோடு ஒருமுறை முழுப் பாதையையும் போய்வருகிறார். வந்ததும் சக்கரத்தைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு, நேரம் பார்க்க உட்காருகிறார். ரொட்டிக்கடைக்காரருக்கு முப்பத்துமூன்று வந்தது. முப்பத்தொன்றரை வந்தது. பிறகு மூன்று வாரம் முப்பதே கால் என்று பிடிவாதமாக நின்றது.

போன ஞாயிறு, காட்டு விளிம்பைத் தாண்டி வரும்போதே அவர் முகம் சிவந்து வாய் பிளந்திருந்தது. வாசலில் நின்ற மனைவி கைதட்டிக் கூவினார். "வாங்க! வாங்க! பின்னாடி டாக்டர் வர்றாரு!" அவர் வந்து விழாத குறையாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கடிகாரத்தை அழுத்தி அவரிடம் காட்டினார். இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தோரு விநாடி.

ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். மனைவி சாக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அக்கா.

கழுத்திலிருந்த அளவுநாடாவை உருவினார். முழங்காலில் கைவைத்துக் குனிந்து, சக்கரத்தின் டயரில் நாடாவின் முனையை வைத்து அழுத்தி, சுற்றிக்கொண்டே போனார். நாடா முடிந்த இடத்தில் தையல் சாக்கால் ஒரு கோடு போட்டார். கோட்டிலிருந்து மறுபடி நாடாவை வைத்து மிச்சத்தை அளந்தார். தூக்கிய கைகளை இறக்காமல் அவர் காத்துக்கொண்டு நின்றார்.