இரண்டு தரம் எழுதலாம்

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் ஒரு சலவைச்சாலையில் சேர்ந்தபோது அது அந்த நாட்டில் எனக்கு ஐந்தாவது வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கினால் கால் அரிக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சுவிஸ் பெண். மலைப்பக்கத்து மாட்டுப்பண்ணையில் பிறந்து, பதினாறு வயதில் இஸ்திரி போட வந்தவர். அவர் கன்டோன், அதாவது மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர் என்றபோது நான் நம்பவில்லை. சபை கூடும் நாளில் லீவு எடுப்பார். மறுநாள் எங்களோடு ஈரத்துணி இழுப்பார்.

ஒருமுறை, அகதிகள் வேலைக்குப் போகக் காத்திருக்கும் காலத்தை நீட்டும் பிரேரணை வந்தது. சொந்தக் கட்சியே ஆதரித்தும் அவர் எதிர்த்துக் கை தூக்கினார். அடுத்த தேர்தலில் அவருடைய ஆசனம் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அகதிகளாய் வந்த எங்களுக்கு வாக்கில்லை. ஊர் வழக்கப்படி தேர்தல் செலவுக்குப் பணம் சேர்த்தோம். என்னோடு அறையிலும் வேலையிலும் இருந்த அண்ணை, உறையின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேற்பார்வையாளர் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதை வாங்கினால், கை தூக்கியதற்குக் கூலி வாங்கினேன் என்பார்கள். அது பொய்யென்று நானும் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அண்ணை புறுபுறுத்தார். "எங்கட ஊரிலை குடுக்காட்டித்தான் கோவிப்பினம்."

"அப்ப இவவை ஒரு மாசம் அங்கை அனுப்புவம் அண்ணை. பழகி வருவா."

"நீ பகிடி விடாதை. சீட்டுப் போனா எங்களாலைதான் போகும்."

மேற்பார்வையாளர் துண்டுப்பிரசுரங்களைத் தன் சம்பளத்தில் அச்சடித்தார். எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: தெரிந்த சுவிஸ்காரரோடு பேசுங்கள். அங்கே வாக்காளர் தனக்குப் பிடித்த வேட்பாளரின் பெயரை வாக்குச்சீட்டில் இரண்டு தரம் எழுதலாம்; வேறு கட்சியின் வேட்பாளர் பட்டியலிலும் அந்தப் பெயரைச் சேர்த்து எழுதலாம்.

அரைகுறை ஜெர்மனோடு இறங்கினோம். அண்ணை பல் வைத்தியரின் நாற்காலியில் வாய் திறந்தபடியே பிரசாரம் செய்தார். நான் வீட்டுக்காரக் கிழவியிடம் போனேன்.

"அவள் என் கட்சி இல்லையே," என்றார் கிழவி.

"உங்கள் பட்டியலிலும் எழுதலாம்."

"எனக்கே சட்டம் சொல்லித் தருகிறாயா? உட்கார். அவள் அப்படி என்ன செய்தாள், முதலில் அதைச் சொல்."

சொன்னேன். இரண்டு கோப்பை காப்பி முடிந்தது. கிழவி எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் முடிவு வாசித்தார்கள். மேற்பார்வையாளரின் கட்சிக்குக் கிடைத்த கடைசி ஆசனம் அவருக்கு. மற்றக் கட்சிப் பட்டியல்களிலிருந்து வந்த வாக்குகளே காப்பாற்றியதாக அறிவிப்பாளர் சொன்னார். அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் வழமைபோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கை தட்டினோம். "இயந்திரம் காத்திருக்கிறது," என்று சொல்ல வாயெடுத்தவர், முடிக்காமல் அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்து, துணி வண்டிகளுக்கு நடுவே ஒரு சுற்று ஆடினார். அண்ணைக்கு ஆடத் தெரியாது. ஆனாலும் விடாமல் ஆடினார்.