பூண்டு வாடை அடித்த மருந்துச் சீசா

யுத்த காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தருகே ஒரு மருத்துவமனையில் எழுத்தராக இருந்தேன். அங்கிருந்த ஒல்லியான கம்பவுண்டர், எந்தச் சீசாவையும் முகர்ந்த பிறகே தொடுவார். ஒருநாள் ஆர்சனிக் என்ற பாஷாணம் சேர்ந்த மருந்தில் வீரியம் இல்லை என்று டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி கலந்திருக்கீரு. நாளைக்கு வேலைக்கு வராதேயும்.”

“ஐயா, கடல் காத்துல பூஞ்சணம் பிடிச்சிட்டு. மருந்தத் தின்னது அதான். ஆர்சனிக்கத் தின்ன பூஞ்சணம் பூண்டு வாடை அடிக்கும், மோந்து பாருங்க.”

டாக்டர் சீசாவை முகர்ந்தார், பூண்டு வாடைதான். “நீரு பூண்டத் தின்னுட்டு இதுக்குள்ள ஊதியிருப்பீரு!”

டாக்டர் அவர் வாயை முகர்ந்தார், வெற்றிலை வாசனைதான். எங்கள் வாயையும் முகர்ந்தார். எவரிடமும் பூண்டு வாடை இல்லை.

கம்பவுண்டர் பணிவாக, “ஐயா வாயை நான் பாக்கட்டுமா?” என்றார்.

மதியம் பூண்டு ரசம் சாப்பிட்டிருந்த டாக்டர் சீசாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கம்பவுண்டரின் வேலை பிழைத்தது. பூஞ்சணத்தை எறியச் சொன்னேன்.

“எறியலாமாவே? மிச்ச மருந்து அதுக்குள்ளல்லா இருக்கு!” என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாருக்குக் கொடுக்க என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.