பாயிண்டண்ணன் கப்பலேறினார்

காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியதும் சுவாமிதாஸ் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவார். அதிலிருந்து புல்லாங்குழல் இசை வரும். நடுநடுவே ஒரு பெண்குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லும். பதிவு செய்த குரல்தான். ஆனாலும் அண்ணன் அதற்கு "செரி மோளே" என்று பதில் சொல்லிவிட்டு, பிவிசி எல்போக்களை அளவு பார்த்துக் கூடைகளில் போட ஆரம்பிப்பார். ஆரியசாலையில் எங்கள் சந்து முழுவதற்கும் அந்தப் புல்லாங்குழல் பழக்கம். சாயாக்கடைப் பிச்சைக்கனி பாலை ஆற்றும்போது அதைத்தான் சீட்டியடிப்பார்.

பக்கத்துக் கடை என்னுடையது. வாளி, குடம், துடைப்பம் விற்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்பதால் அண்ணன் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். இசை நின்று மனிதக் குரல் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிடும். "ஆர்யா மோளா? அம்மைக்கு முட்டுவேதன கொறஞ்சோ?" என்று தொடங்குவார். அந்தப் பெண்ணின் அம்மாவுடைய மூட்டுவலி, அக்கா, அக்காவின் பிரசவம் எல்லாம் முடிந்தபிறகுதான் விஷயத்துக்கு வருவார். மூணாறு இருக்கிறதா? குடகு இருக்கிறதா? மறுபக்கம் கொஞ்ச நேரம் தட்டச்சு ஓசை கேட்கும். பிறகு, "ஸாரி அங்கிளே, ஆ வீக் ஃபுல் ஆணு."

"பாவம், அவ என்ன செய்வா" என்பார் என்னிடம்.

அந்த போன் போவது ஒரு விடுமுறைச் சங்கத்துக்கு. அண்ணன் அதில் உறுப்பினர். பெரிய மால் ஒன்றுக்குப் போனபோது கூப்பனில் பெயர் எழுதிப் போட்டிருக்கிறார். பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வாருங்கள் என்று ஒரு ஓட்டலுக்கு அழைத்தார்கள். குளிரூட்டிய அறையில் சமோசாவும் சாயாவும் வந்துகொண்டே இருந்தன. மனிதர்களும் மாறி மாறி வந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். "கடைசியில எனக்கு உறக்கம் வந்தாச்சு கிருஷ்ணகுமாரே. ஒப்பிட்டாத்தான் விடுவானுவன்னு தோணிச்சு. இட்டேன்." இருபத்தைந்து வருடத்துக்கான கையெழுத்து அது. வருடாவருடம் கணக்கில் புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து மலையிலோ கடற்கரையிலோ அறை எடுத்துக்கொள்ளலாம். சந்தில் யாரும் அவரைச் சுவாமிதாஸ் என்று கூப்பிடுவதில்லை. பாயிண்டண்ணன் என்றால்தான் தெரியும்.

ஒரு ஊருக்கும் போனதில்லை என்றாலும் எல்லா ஊரும் அவருக்குத் தெரியும். சங்கத்தார் அனுப்பிய வண்ணப்படங்களைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். வாஷ் பேசின்களுக்குப் பின்னால் கொடைக்கானல் மூடுபனி. ஃப்ளஷ் டாங்குகளுக்கு மேலே ஜெய்சல்மேர் மணல். பைப் வாங்க வந்தவர்கள் சும்மா பார்த்தால்கூடப் போதும். "குடகுல அந்த ரூமுக்க பால்கனி கெழக்கப் பாத்ததாக்கும். காலத்த எழும்பி இருந்தா மதி, வெயிலு காலுல வந்து விழும்" என்பார், நேற்றுத்தான் அங்கிருந்து வந்தவர் போல.

அவர் மனைவி அம்மிணி மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு வருவார். கரமனையிலிருந்து பஸ்ஸில் வந்த வேர்வையைத் துடைத்தபடி சுவரிலுள்ள பனிமலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "இதுல எது நம்மளது?" என்பார். "எல்லாம் நம்மளதுதான்" என்பார் அண்ணன்.

வீட்டில் ஒரு சங்கடம் இருந்தது. மூத்தவள் சுமி மார்த்தாண்டத்தில் பள்ளி ஆசிரியை. இளையவன் சஜி கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி ஷெமி நர்ஸ், கொல்லத்துக்காரி, மலையாளம்தான் பேச்சு. முந்தின வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சஜியின் குழந்தை அண்ணனை "அப்பூப்பா" என்று கூப்பிட்டது. சுமி சும்மா இருந்திருக்கலாம். "தாத்தான்னு ஒரு வார்த்த விளிக்கத் தெரியல்ல. நம்ம வீட்டுப் பிள்ளதானா இது?" என்று சொல்லிவிட்டாள். தமிழ் அவ்வளவாகப் புரியாத ஷெமிக்கு அந்த வாக்கியம் மட்டும் முழுதாகப் புரிந்தது. கரண்டியை வைத்துவிட்டாள். சஜி எச்சில் கையோடு எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை. ஈஸ்டருக்கு மகள், ஓணத்துக்கு மகன் என்று பங்கு பிரிந்துபோனது. அண்ணன் இதையெல்லாம் கடையில் பேசமாட்டார். ஒருநாள் மட்டும், வாஷரைத் தேடிக்கொண்டே, "ரெண்டு பேரும் நல்ல பிள்ளையளு. தனித்தனியாப் பாத்தா ஒரு கொறையும் இல்ல" என்றார்.

சென்ற பிப்ரவரியில் புல்லாங்குழல் நின்றபிறகு ஆர்யா ஒரு புதுச் செய்தி சொன்னாள். இந்த வருடம் முதல் புள்ளிகளுக்குக் கப்பலிலும் அறை தருகிறார்கள். கொச்சியில் ஏறினால் லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பலாம். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் இடம் இருக்கிறது, அங்கிளின் புள்ளிகளுக்கு அறைக்கு நான்கு பேராக இரண்டு அறை கிடைக்கும், ஆனால் ஜன்னல் இருக்காது.

அண்ணன் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. "போடு மோளே" என்றார். அப்புறம் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"கிருஷ்ணகுமாரே, மூணாறுல ரூம் போட்டா கோவம் வந்தவன் பஸ்ஸேறிப் போவான். இல்லியா?"

"போவான்."

"கப்பல்ல எங்க போவான்?"

அவர் இவ்வளவு நாளாக மலைகளைத் தேடியது வீண் என்று அன்றுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது. மகளிடம் மகன் வருவதைச் சொல்லவில்லை. மகனிடமும் அப்படியே. சொன்னால் வரமாட்டார்கள், சொல்லாவிட்டால் பொய்யும் இல்லை என்பது அவர் நியாயம். பெண்களுக்கு ஒரு அறை, ஆண்களுக்கு ஒரு அறை என்றும் அவரே பிரித்துக் கொடுத்துவிட்டார். பிச்சைக்கனிதான் கிளாசை நீட்டியபடி சொன்னார்: "மானந்தான் கப்பலேறும்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணாச்சி. இப்ப ஆளே ஏறப்போறியளோ." அண்ணன் சிரித்தார். ஆனால் புறப்படும் வாரம் அவருக்குச் சாயா இறங்கவில்லை.

கொச்சித் துறைமுகத்தில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். வரிசையில் முன்னால் சுமியும் அவள் கணவன் பிரஜினும் அவர்கள் மகனும் நின்றிருக்கிறார்கள். பின்னால் டாக்சியிலிருந்து சஜி குடும்பம் இறங்கியிருக்கிறது. சஜி அக்காவைப் பார்த்ததும் பெட்டியைத் திருப்பிப் பிடித்தான்.

"இது என்ன அப்பா வேல?"

அண்ணன் யோசித்துவைத்த பதில்களெல்லாம் மறந்துபோயின. வரிசை நடுவே தன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "நான் இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒப்பிட்டவன் மக்கா. அதுல எத்தன வருசம் நான் இருப்பேன்னு அவனுவ எழுதித் தரல்ல. ஒரு தடவ எல்லாருமாட்டு போவணும்னு தோணிச்சு. ஒனக்கு மனசில்லன்னா போ. நான் ஒண்ணும் பறய மாட்டேன்."

சுமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். கடைசியில் பெட்டியைத் தூக்கியது ஷெமி. "வா சஜி. அப்பா எத்ர ஆசிச்சதா" என்று மாமனாரின் ஆசையைச் சொல்லி, யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள். சஜி குழந்தையோடு பின்னால் போனான்.

"பின்ன?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன, கப்பல் எளகிச்சு, எனக்கக் கொடலும் எளகிச்சு. அன்னைக்குப் படுத்தவன் கொச்சியில வந்துதான் எழும்பினேன்."

அவ்வளவுதான் அவர் சொன்ன கடற்பயணம். சந்து விடுமா? கப்பலில் போய்க் கடலைப் பார்க்காமல் வந்த ஒரே மனிதர் என்று பிச்சைக்கனி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஜன்னலில்லாத அறையில் வாந்தி எடுக்கவா இத்தனை வருடப் புள்ளி என்று மற்றவர்கள் கேட்டார்கள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அது செரிதான். கடலு எனக்குப் பிடிக்கல்ல" என்றார்.

மிச்சத்தை அம்மிணி சொன்னார். ஒரு மத்தியானம் அண்ணன் சாலைக்கடைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்த அம்மிணி, நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

முதல்நாள் அண்ணனுக்கு வந்தது நிஜமான வாந்திதான். தலை நிற்கவில்லை. அம்மிணிக்கு ஒன்றும் ஆகவில்லை. "அவர நான் பாத்துக்கிட்டிருந்தா அவளுவ ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில இருப்பாளுவ. எனக்குக் காத்து வேணும்னு சொல்லிட்டு மேல போய் இருந்தேன்." நர்ஸ் என்பதால் ஷெமி நாடி பார்த்தாள். மகள் என்பதால் சுமி தலையைப் பிடித்தாள். சின்ன அறை. ஒருத்தி நகர வேண்டுமென்றால் மற்றவள் எழுந்திருக்க வேண்டும்.

"நாரங்கா வெள்ளம் கொடுத்தோ?" என்று எலுமிச்சைச் சாற்றைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள் ஷெமி. ஒரு வருடத்துக்கும் மேலே ஆகி வந்த முதல் பேச்சு அது.

"குடுத்தேன். நிக்கல்ல" என்றாள் சுமி. கொஞ்ச நேரம் கழித்து, "நீ போய் ஏதாவது தின்னு ஷெமி. நான் இருக்கேன்" என்றாள். ஷெமி போகவில்லை. குனிந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்த சுமி, நிமிராமலேயே, அன்றைக்குச் சொன்னது தப்புத்தான் என்றாள். ஷெமி வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஷெமி அழுததாகவும், சுமி அழுததாகவும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றார் அம்மிணி. அந்த நேரம் அண்ணன் கண்ணை மூடித்தான் படுத்திருந்தார்.

மறுநாள் காலை கடல் கண்ணாடிபோல அடங்கிவிட்டது. சஜியும் பிரஜினும் பிள்ளைகளை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். தீவு தெரிகிறது என்று மேலே ஒரே கூட்டம். அண்ணனுக்குத் தலை தெளிந்துவிட்டது. எழுந்து குளித்தார். கப்பலுக்கென்று வாங்கிய பூப்போட்ட சட்டையைப் போட்டார், ஷூ மாட்டினார், தலை வாரிக்கொண்டு கதவைத் திறந்தார். அம்மிணி படிக்கட்டுப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மருமகளும் மகளும் அம்மிணிக்கு முன்னால் கஞ்சியும் மாத்திரையும் ஏந்தி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஷெமி எதையோ சொல்ல, சுமி கஞ்சி தளும்பச் சிரித்தாள். பேச்சில் இருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

அந்தச் சிரிப்பைக் கேட்டு அண்ணன் வாசலில் நின்றார். நடைவழியின் மறுகோடியில் வெளியே போகும் கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. அதன் வழியாக வெளிச்சம் தரைவிரிப்பில் நீளமாக விழுந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இவர்கள் உள்ளே நுழைந்தபோது அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். "அப்பாக்கு இன்னும் கொறயல்லியே" என்று சுமி தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஷெமி நாடி பிடித்து, நெற்றி சுளித்து, இன்றைக்கும் நாம் இரண்டு பேரும் கூடவே இருக்கலாம் சேச்சி என்றாள்.

அம்மிணி கால்மாட்டில் உட்கார்ந்தார். போர்வைக்கு வெளியே ஒரு புது ஷூவின் நுனி தெரிந்தது. யாரும் பார்க்கும் முன்னால் அம்மிணி போர்வையை இழுத்து அதை மூடினார்.