ஒரு பக்கப் புருவம் இலவசம்

இன்று பெர்மாஸ் ஜெயா கடைத்தெருவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சின்னக் கடைக்காரர்களுக்கு விளம்பரம் செய்து கொடுப்பது என் தொழில். அவர்களைப் பிடிக்க ஒரு தூண்டில் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் எண் கொடுத்தால், 'வாடிக்கையாளரை இழுக்க நாற்பது வழிகள்' என்ற என் கையேடு இலவசம்.

அழகு நிலையம் நடத்தும் ஓர் அக்காவிடம் நீட்டினேன். "பெர்ச்சுமாதான்கா, நம்பர் மட்டும் குடுங்க."

இரண்டு பக்கம் புரட்டினார்.

"மலாய்ல பெர்ச்சுமாவுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு தங்கச்சி. ஒண்ணு இலவசம், இன்னொண்ணு வீண். இது ரெண்டாவது லா."

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். என் முகம் சுண்டிப்போனது.

"சரி, உக்காரு. புருவம் எடுத்து விடுறேன், பெர்ச்சுமா" என்றார். இரக்கம் என்று நினைத்தேன்.

வலது புருவத்தை நூலால் வில்லாக்கினார். உதிர்ந்த முடியை என் கையேட்டின் மேலேயே தட்டினார். பிறகு நூலைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இன்னொரு பக்கம்?"

"உன் நம்பர எழுது. நாப்பது வழி எதுக்கு? ஒண்ணு போதும்."

கண்ணாடியைப் பார்த்தேன். என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

கையேடு வேண்டுவோர் கமெண்ட்டில் சொல்லுங்கள். பெர்ச்சுமாதான், இரண்டு அர்த்தத்திலும்.