வேலுவின் பெயரைப் பாடிய துரை

கூடையை இறக்கி வைத்த கன்னியம்மா அன்று மீன் விலை சொல்லவில்லை. "பாட்டு தொர பூட்டாரு நைனா. காத்தால வாயெல்லாம் ரத்தம். அவ்ளோதான்" என்றாள். மந்தைவெளித் தெருவில் எல்லோரும் பார்க்க நான் அழுதேன்.

குப்பத்தார் பாட்டு துரை என்று அழைத்த ஜோசப் ஹட்ச்சை உங்களில் பலர் அறிவீர்கள். இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டு, பிறகு மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்குப் புரூஃப் திருத்த வந்தவர். உண்மையில் அவர் வேலை பாட்டுக் கட்டுவது. தம் ஊர் நாட்டுப்புற மெட்டுகளில் அவர் கட்டிய பாட்டுகளில் கொலை இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கழுத்தறுபட்ட பால்காரி, கசையடியில் செத்த சிப்பாய் என்று ஒரே ரத்தம். "ஒரு கல்யாணப் பாட்டு எழுதினால் குறைந்தா போய்விடுவீர்?" என்று கேலி செய்வேன். சிரிப்பார். ஆனால் ஒரு விதியில் மட்டும் அசைந்து கொடுக்க மாட்டார். செத்தவன் பெயர் ஒவ்வொரு பல்லவியிலும் வர வேண்டும். கொன்றவன் பெயர் எங்குமே வரக்கூடாது. "கொன்னவனுக்கு நான் எதுக்குப் பாடணும்?" என்பார்.

இரண்டாம் யுத்த காலத்தில் ஒரு காலை, அடையாறு பகுதியில் எங்கள் சுதந்திர ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. மண்டை பிளந்து நான் ஊரூர் குப்பத்துக்குள் ஓடினேன். கடலில் விட்ட கரைவலையை வரிசையாக நின்று கயிற்றால் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா என் சட்டையைக் கிழித்தெறிந்து, தலையில் துண்டைச் சுற்றி, இழுப்பவர்கள் வரிசையில் தள்ளினாள். அவள் புருஷன் வேலுதான் பாட்டெடுத்துக் கொடுப்பவன். வலை கரையேறும்வரை பாட்டு நிற்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். பாட்டு எடுப்பவன் நடுவில் யாரோடும் பேசவும் மாட்டான்.

சார்ஜெண்ட் வந்து, ஓடி வந்தவன் எங்கே என்று வேலுவைக் கேட்டான். வேலு பாடிக்கொண்டே இழுத்தான். அதைத் திமிர் என்று நினைத்தான் அந்தப் பாவி. தடி இறங்கியது. மண்டை உடையும் சத்தம் என் காதில் விழுந்தது. வேலு சாய்ந்தான், பாட்டு நின்றது, கயிறு தளர்ந்தது. இழுக்கத் தெரியாத என் கை மட்டும் தடுமாறியது. சார்ஜெண்டின் கண் என் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் வழக்கம்போல் பாட்டுக் கேட்க வந்திருந்த துரை கயிற்றைப் பிடித்தார். கரகரத்த குரலில், உடைந்த தமிழில், வேலு விட்ட அடியை எடுத்தார். எல்லோரும் "ஐலசா" என்றோம். நிறுத்தச் சொல்லிக் கத்தினான் சார்ஜெண்ட். நிறுத்தவில்லை. தடி வாயில் விழுந்தது. பல்லைத் துப்பிவிட்டுப் பாடினார். முழங்காலில் அடித்தான். மண்டியிட்டுப் பாடினார். வலை கரையேறியதும் பெண்கள் வெட்டரிவாளோடு சூழ்ந்துகொண்டார்கள். போலீஸ் பின்வாங்கியது. நான் பிழைத்தேன். பொழுது சாய்வதற்குள் வேலு செத்துப்போனான்.

அவனுக்கு இங்கிலீஷில் ஒரு பாட்டுக் கட்டினார் துரை. ஆழ்வார்பேட்டையில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி வீட்டு விருந்தில் அதைப் பாடினார். துணைக்குப் போன நான் தாழ்வாரத்தில் நின்றேன். வேலுவின் பெயரை விட்டுவிட்டுப் பாடு என்றார்கள். இன்னும் உரக்கப் பாடினார். கண்ணியவான்கள் அவரைக் கீழே தள்ளி நெஞ்சிலேயே உதைத்தார்கள். நான் உள்ளே பாய்ந்து இழுத்து வந்தேன். ரிக்‌ஷாவில் ரத்தத்தைத் துடைத்தபடி, "பேரை எடுத்தா அவனை ரெண்டாவது தடவை அடிச்ச மாதிரி" என்றார். அன்று தொடங்கிய ரத்த இருமல்தான் இப்போது அவரைக் கொண்டுபோயிற்று.

அடக்கத்தன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சார்ஜெண்டின் பெயர் எனக்குத் தெரியும். அவன் பெயரைப் பத்திரிகையில் போட்டு நாறடிக்கிறேன் என்று கன்னியம்மாவிடம் கத்தினேன்.

"அவன் பேரு இன்னாத்துக்கு நைனா?" என்றாள். "எம் புருசன் பேரப் போடு. தொர பேரப் போடு."

மறுநாள் காலை குப்பத்தில் நானும் கயிற்றைப் பிடித்தேன். வேலு செத்த நாள் முதல் தினமும் பாட்டில் வரும் அவன் பெயர் வந்தது. அடுத்து, முதல் முறையாக, துரை பெயரும் வந்தது. துரையிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அவருடைய அந்த ஒரு விதிதான். சார்ஜெண்டின் பெயர் இன்னும் என் நாக்கில் கொதிக்கிறது. எழுத மாட்டேன்.

வேலு. ஜோசப் ஹட்ச்.